‘சில்ட்ரன்’ என்னும் இரட்டைப் பன்மை

‘சைல்ட்’ என்பதற்குச் ‘சைல்ட்ஸ்’ எனப் பன்மை எழுதும் மாணவனைத் திருத்துகிறோம். காரணம் கேட்பானாயின், ‘அது விதிவிலக்கு’ என்போம். யானும் பல்லாண்டு அவ்வாறே சொல்லி வந்தேன். அது விடையன்று.

பழைய ஆங்கிலத்தில் பன்மை ஈறுகள் பல. கல்லைக் குறித்த ‘ஸ்டான்’ ‘ஸ்டானஸ்’ ஆயிற்று. எருதாகிய ‘ஆக்ஸா’ ‘ஆக்ஸன்’ ஆயிற்று. ‘சில்ட்’ என்னும் குழந்தையோ ‘ரு’ ஏற்றுச் ‘சில்ட்ரு’ ஆயிற்று. நாளடைவில் ஈற்றுயிர் மழுங்கிச் ‘சில்டர்’ என நின்றது. அதிற் பன்மை புலப்படாமையின், மேலும் ஓர் ‘அன்’ சேர்த்தனர். நம் ‘அவர்கள்’ என்பதில் ‘அர்’ இருக்கவும் ‘கள்’ ஏறியது போன்றதே இதுவும்.

முட்டைக்கும் இவ்வாறே ‘எய்ரன்’ என்னும் பன்மை தென்னிங்கிலாந்தில் வழங்கிற்று. வடக்கே, ஸ்காண்டிநேவியர் வழிவந்த ‘எக்’ என்ற சொல் ‘ஸ்’ ஈறு பெற்றது. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சகம் நிறுவிய காக்ஸ்டன், 1490-இல் ஒரு நூன்முகத்தில் சுவையான செய்தி தருகிறார். தேம்ஸ் வழியே கடல் செல்லப் புறப்பட்ட வணிகருள் ஒருவர், கரையிறங்கி ஓர் இல்லத்தரசியிடம் ‘எக்ஸ்’ கேட்டார். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் அவள்! அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, சினந்தார். மற்றொருவர் ‘எய்ரன்’ என்றதும் விளங்கிக்கொண்டாள்.

இறுதியில் ‘ஸ்’ வென்றது. ‘ஷூன்’ என்றிருந்த காலணிகள் ‘ஷூஸ்’ ஆயின. பழைய ‘அன்’ ஈற்றுப் பெயர்களுள் பொதுவழக்கில் மாறாது எஞ்சியது ‘ஆக்ஸன்’ ஒன்றே. ‘ஆக்ஸஸ்’ என எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும். ஆயினும் அவன் செய்தது, ‘ஷூன்’ விடுத்து ‘ஷூஸ்’ என்ற ஆங்கிலேயர் செய்ததையே.