பொய்க் குற்றச்சாட்டின் பேரில் பணிநீக்கம் (இந்தியா)

திருட்டு, கையாடல், மேலதிகாரியைத் தாக்குதல் போன்ற ஒழுங்கீனக் குற்றச்சாட்டு பொய்யாகச் சுமத்தப்பட்டு வேலையிழக்கும் தொழிலாளிக்கான பாதுகாப்பு, இந்தியாவில் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தை ஒட்டி வளர்ந்தது.

வரலாறு

இச்சட்டத்துக்கு முன்பு வேலை என்பது ஒப்பந்தம் மட்டுமே. நீக்கம் அநியாயமென்று தெரிந்தாலும் உரிமையியல் நீதிமன்றம் இழப்பீடு தருமே ஒழிய, மீண்டும் வேலை தரச் சொல்லாது. இச்சட்டத்தின் கீழான தொழில் தீர்ப்பாயங்கள் மீள்பணிக்கு ஆணையிடலாம் என்று 1949-இல் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்க வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்துறைக்கு அடித்தளம் இத்தீர்ப்பே.

1958-இல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டியது. நல்லெண்ணமின்மை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறல் அல்லது அடிப்படையான உண்மைப் பிழை, சான்றுக்குச் சற்றும் பொருந்தாத முடிவு ஆகியவை இருந்தால்தான் தீர்ப்பாயம் தலையிடலாம். நிர்வாகம் அமர்த்திய விசாரணை அதிகாரி ஒரு பொய்ச்சாட்சியை நம்புவதாக எழுதிவிட்டால், அதைக் கலைக்கத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் வழியில்லாமல் போயிற்று.

1947 சட்டத்தில் 1965-இல் சேர்ந்த 2ஏ பிரிவு, சங்கம் முன்வராவிட்டாலும் தனியொருவரின் பணிநீக்கத்தைத் தொழில் தகராறாக ஏற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1963-ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஒட்டி 11ஏ பிரிவு 1971 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இனித் தீர்ப்பாயமே சான்றுகளை எடைபோட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறலாம் என்பதை 1973-இன் ஃபயர்ஸ்டோன் தீர்ப்பு உறுதி செய்தது. ஆனால் முறையான விசாரணையே நடத்தாத முதலாளியும் தீர்ப்பாயத்தில் புதிதாகச் சாட்சி விடலாம் என்ற சலுகையை அத்தீர்ப்பு விட்டுவைத்தது. தொழிலாளிக்கு இது பெரும் சுமை.

விசாரணையும் பிழைப்பூதியமும்

சார்ஜ் மெமோவுக்கு விளக்கம் தரவும், உள்விசாரணையில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் தர வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால், அதன்பின் முழுமை.

இதன் இன்றியமையாமைக்குக் கோலார் தங்கவயல் வழக்கு சான்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், தம் வீட்டில் தங்கம் கைப்பற்றப்பட்டதாகக் கூறி 1985-இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிழைப்பூதியம் கிடைக்காத அவரால் விசாரணைக்குப் போக முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து 1986-இல் நீக்கப்பட்டார். அதே சான்றுகளின் பேரில் நடந்த குற்ற வழக்கில் 1987-இல் விடுதலையானார். ஆயினும் முழு நிலுவையுடன் அவரை வேலையில் சேர்க்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1999-இல்தான்.

நிவாரணம்

தவறான பணிநீக்கத்துக்கு நிலுவை ஊதியத்துடன் மீள்பணி என்பதே பொதுவிதி என 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் 1947 சட்டத்தின் 'தொழிலாளி' வரையறைக்குள் வரவில்லை.

1947 சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது.