பர்னாந்து வந்த வழி

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீளும் மணல்நிலத்தில் இருக்கிறது கண்டக்குழி. பருவம் தொடங்கி வாடிகள் எழும்பும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் இந்தக் கரைக்கு வருகின்றன. அவர்களோடு ஒரு பெயரும் வருகிறது. படகுப் பதிவிலும், கோயில் பதிவேட்டிலும், கல்லறைச் சிலுவையிலும் அதைப் பார்க்கலாம். பர்னாந்து, பெர்னாந்து, பிரனாந்து, பெர்னாண்டோ என்று எழுதுகிறவர் கைக்கேற்ப அது உருமாறும். இலங்கையில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் இது ஒன்று.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போர்த்துக்கேயரைக் கை காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. போர்த்துக்கேயருக்கே அது வந்து சேர்ந்த பெயர்.

ஸ்வேபி என்றொரு ஜெர்மானிய இனம் 409இல் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் புகுந்தது. இன்றைய தென்ஜெர்மனியின் ஸ்வாபியா என்ற நாட்டுப்பெயர் அந்த இனத்தின் பெயரேதான். இன்று வடபோர்த்துக்கலில் இருக்கும் பிராகா நகரைத் தலைநகராகக் கொண்டு அவர்கள் ஆண்டார்கள். 585இல் அந்த அரசை இன்னொரு ஜெர்மானிய இனமான விசிகோத்துகள் விழுங்கினார்கள். 711இல் அரபுப் படையெடுப்போடு அவர்கள் ஆட்சியும் முடிந்தது. அவர்கள் பேசிய மொழி அந்த மண்ணில் தங்கவில்லை, பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றில் ஒன்றுதான் ஃபெர்டினாண்ட். அதன் பின்பாதியான ‘நந்த்’ துணிவைக் குறிக்கும். முன்பாதியைப் பயணம் என்று கொள்வோரும் உண்டு, அமைதி என்று கொள்வோரும் உண்டு. பயணத்துக்கு இன்றைய ஜெர்மனில் ‘ஃபார்ட்’, அமைதிக்கு ‘ஃபிரீட’. இரண்டில் எதற்கு உறவு என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. எனக்கு முதற்பொருளின் மீதே சாய்வு. துணிந்து பயணம் போகிறவன் என்ற பொருள் கடலோடியின் வீட்டுக்கு வாய்த்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஐபீரியர் வாயில் அந்தப் பெயர் தேய்ந்து பெர்னாந்து ஆனது. ஜெர்மானிய நிலத்திலோ அது ஏறக்குறைய வழக்கொழிந்துபோயிற்று. ஸ்பெயினில் 1503இல் பிறந்து, தன் தாய்வழிப் பாட்டனார் அரகோன் அரசர் ஃபெர்டினாண்டின் பெயரைத் தாங்கிய ஹாப்ஸ்பர்க் இளவரசர் ஒருவர் பின்னாளில் பேரரசரானார். அவரால்தான் பெயர் மறுபடி ஜெர்மன் பேசும் நாடுகளில் வேர்விட்டது. இன்றும் அங்கே அது பெரும்பாலும் ஆளின் பெயர். குடும்பப் பெயராக அரிது. 1914இல் சரயேவோவில் சுடப்பட்ட ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், 1893 ஜனவரியில் உலகப் பயணத்தின் நடுவே இலங்கைக்கு வந்திருந்தார். அவருடைய பெயரின் உடன்பிறப்பு இந்தத் தீவின் கடற்கரை எங்கும் வலை இழுத்துக்கொண்டிருந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததை அவரே தம் கடிதமொன்றில் சொல்லியிருக்கிறார். கொச்சியிலும் கோவாவிலும் வழங்கிய போர்த்துக்கேயப் பெயர்கள் இப்படித் தூத்துக்குடி, மன்னார், கற்பிட்டி, சிலாபம், நீர்கொழும்பு என்று கரையோரமாகப் பரவின. கூட்டாளிகளும் வந்தார்கள். ரொட்ரிகோ என்பதும் ஜெர்மானியப் பெயர்தான்: புகழ், ஆட்சி என்ற இரண்டு சொற்களின் கூட்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரின் பெயரோ ஜெர்மனியின் ஹைன்ரிஷ்.

போர்த்துக்கலில் பெர்னாந்து என்பது ஆளுக்கு இடும் பெயர். குடும்பப் பெயர் பெர்னாந்தஸ். பெர்னாந்துவின் மகன் என்று பொருள். கோவாவிலும் மங்களூரிலும் அந்த வடிவமே நிலைத்தது. தூத்துக்குடியிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் ஆட்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. காரணம் தமிழ்ப் பெயரிடும் முறையில் இருக்கிறது என்பது என் துணிபு. தந்தையின் பெயரை அப்படியே மகன் பெயரோடு சேர்ப்பது நம் வழக்கம்; மகன் என்பதற்குத் தனி விகுதி வேண்டியதில்லை. அப்படித் தலைமுறைதோறும் மாறியிருக்கவேண்டிய தந்தை பெயர், பாதிரியாரின் ஏட்டிலும் அரசாங்க ஏட்டிலும் ஏறியதும் உறைந்து வீட்டுப்பெயராகிவிட்டது. ஆகவே பர்னாந்து என்ற குடும்பப் பெயரை அந்நியர் ஒட்டிவிட்டுப் போன முத்திரை என்று ஒதுக்குவது சரியல்ல. சரக்கு வெளியிலிருந்து வந்தது. அதைக் குடும்பப் பெயராக வனைந்தது இந்தக் கரை.

ஒலியைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். போர்த்துக்கேயத்தில் ‘த’கர ஒலி பல்லைத் தொட்டுப் பிறக்கும், சொல்லின் கடைசி ஓகாரம் உகரமாய்க் குறுகும். ஆகவே பர்னாந்து என்பது காதால் கேட்டு எழுதிய வடிவம். ஃபகரம் தமிழில் இல்லாததால் பகரமானது, அவ்வளவே. ‘சப்பாத்தோ’ நமக்குச் சப்பாத்து ஆனதும் இதே வழிதான். பெர்னாண்டோ என்பது அதே பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து வாசித்த வடிவம். ஆங்கிலத்தின் வழியே வரும்போது நம் நாக்கு தகரத்தை டகரமாக்கிவிடும். ஒரே லத்தீன் வேரிலிருந்து போர்த்துக்கேயர் வழியே வந்தது மேஸ்திரி, ஆங்கிலேயர் வழியே வந்தது மாஸ்டர். சிங்களத்தில் இன்றும் பிரனாந்து என்றே எழுதுகிறார்கள். அங்கும் தகரமே நிற்கிறது, உகரமே நிற்கிறது. தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடி நகருக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவரை அந்த ஊர் குரூஸ் பர்னாந்து என்றே நினைவில் வைத்திருக்கிறது.

புத்தளம் கரையில் இந்தப் பெயர் தனியாக நிற்பதில்லை. வர்ணகுலசூரிய என்று தொடங்கி, நடுவில் ஒரு புனிதரின் பெயர் வந்து, பெர்னாந்து என்று முடியும் பெயர்கள் இங்கே ஏராளம். முதலாவது, போர்த்துக்கேயர் கால் வைக்குமுன்பே இருந்த குலப்பெருமையைச் சொல்வது. இந்தக் குலத்தார் காவிரிப்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து புத்தளத்தில் முக்குவரோடு பொருததாக ‘முக்கர ஹடன’ என்ற சிங்கள ஏடு கூறுகிறது. டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில் ஜோசப் வாஸ் அடிகளார் புத்தளத்தில் தங்கி இந்த மக்களைத் தேடிப்போனார். டச்சுக்காரர் கற்பிட்டியில் கோட்டை கட்டி ஆண்டும் பெயர் அசையவில்லை. பிறகு பௌத்த மறுமலர்ச்சிக் காலம் வந்தது. டொன் டேவிட் என்ற பெயரை உதறிவிட்டு அநகாரிக தர்மபால புறப்பட்டார். பலர் அவரைப் பின்பற்றி ஐரோப்பியப் பெயர்களைக் கைவிட்டார்கள். அப்போதும் மொறட்டுவையிலும் பாணந்துறையிலும் பௌத்த பெர்னாந்துகள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இந்தக் கரையில் அசைந்தது மொழிதான். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருவாரியாக, கடந்த நூற்றாண்டில் சிங்களப் பள்ளிக்கூடம் வழியே சிங்களத்துக்கு மாறின. பாட்டி தமிழில் செபித்த வீட்டில் பேரனுக்குத் தமிழ் தெரியாது. அந்த வீட்டின் பழைய தமிழ் உச்சரிப்பைச் சிங்கள எழுத்தில் பிரனாந்து என்ற சொல் காப்பாற்றிவைத்திருக்க, தமிழ் எழுதும் நாமோ பெர்னாண்டோ என்று ஆங்கிலத்திலிருந்து திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

பிறப்புச் சான்றிதழ் எழுதும் பதிவாளர்களிடமும், செய்தி எழுதும் பத்திரிகையாளர்களிடமும், பிள்ளைக்குப் பெயர் கொடுக்கும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதும்போது பர்னாந்து என்றே எழுதுங்கள். அந்த எழுத்து இந்தக் கரையினுடையது.