வேலி அடைப்பு

போன மாசம் அடித்த காற்றில் எட்மண்டனில் நாங்கள் இருக்கிற வீட்டின் பின்வளவு வேலிப் பலகை இரண்டு விழுந்துவிட்டன. பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரரும் நானும் காணிப் பதிவகத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். சிவப்புக் கோடு இருக்கிறது, வேலி யாருடையது என்று அதில் இல்லை. கடைசியில் பாதிப் பாதி காசு போட்டுத் திருத்தினோம். அவர் ஒரு பக்கம் பலகையைப் பிடிக்க நான் மற்றப் பக்கம் ஆணி அடித்தேன். அப்போது மயிலிட்டி வேலி நினைவுக்கு வந்தது.

எங்கட ஊர் கடலோர ஊர். உப்புக்காற்றிலும் மாரி மழையிலும் எந்த வேலியும் நெடுகத் தாங்காது. மாரி முடிந்ததும் அப்பு வேலியோரமாக நடந்து ஒவ்வொரு கதியாலையும் ஆட்டிப் பார்ப்பார். பட்டுப்போனதுக்கு அடையாளம் வைப்பார். கறையான் ஏறின ஓலையைப் பிடுங்கிப் போடுவார். அந்தப் பழைய ஓலையும் வீணாகாது, தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். பூவரசங் குழையும் தோட்டத்துக்கு, கிளுவையும் முள்முருக்கும் ஆட்டுக்கு. புதுக் கதியால் நடுவது மழை தொடங்கும் நேரத்தில், அப்போதுதான் வேர் பிடிக்கும்.

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். குத்தூசியில் கயிற்றைக் கோர்த்து இந்தப் பக்கத்தால் குத்தினால், அந்தப் பக்கத்தில் நிற்பவர் வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்திவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் பக்கத்து வளவுக்காரர்தான். இருவரையும் பிரிக்கிற வேலியை இருவரும் சேர்ந்துதான் கட்ட வேண்டியிருந்தது! ஒரு மூலையில் பொட்டும் விடுவார்கள், பெண்கள் போய்வர.

ஆனால் இதே வேலிதான் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளுக்குச் சோறும் போட்டது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலேயே காணியை விற்பவன் பங்காளிகளுக்கும், அதை ஈடு பிடித்திருக்கிற பக்கத்துக் காணிக்காரனுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அயலான் சும்மா ஆள் இல்லை, அவனுக்கும் ஒரு சொல் உண்டு. பிறகு வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம், பத்து வருசம் தடையில்லாமல் தன்னுடையதாக ஆண்டு வந்தவனுக்குக் காணி சொந்தம் என்றது. வருசா வருசம் அடைக்கிற வேலி என்றால் வருசா வருசம் நாலு விரல் அரக்கவும் வசதி. பத்து வருசம் மற்றவன் வாய் திறக்காவிட்டால் முடிந்தது கதை. வேலிச் சண்டைகளின் வேர் ஓலையில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1990 யூனில் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். எனக்கு அப்போது எட்டு வயது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய 54 ஏக்கரும் விடுபட்டபோது அம்மா போய்ப் பார்த்தா. வீடு இல்லை, மதில் இல்லை. ஒரே வரிசையில் ஒன்பது பூவரச மரங்கள் மட்டும் நின்றன. 27 வருசம் ஒருவரும் வெட்டாததால் எங்கட வேலிக் கதியால்கள் மரமாகிவிட்டன.

நில அளவையாளர் உறுதியை வைத்து அளந்தார். மரவரிசை பக்கத்து வளவுக்குள் ஒன்றரை முழம் தள்ளி நின்றது. அப்பு அரக்கியிருக்கிறார்! எனக்கு அப்பு என்றால் உயிர், அதனால் நம்பக் கஷ்டமாக இருந்தது. நான் இங்கிருந்து ரெலிபோனில், "அம்மா, பேசாமல் இருங்கோ. அது பத்து வருசத்துக்கு மேலான கதை, சட்டப்படி எங்களுக்குத்தான்" என்று சொன்னேன். இடம்பெயர்ந்தவர்களின் காணி இப்படிப் பறிபோகக் கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அது கணக்கில் எடுக்காது. ஆனால் பயங்கரவாதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. எங்கட காணிகளில் இருந்தது இராணுவம். எது எப்படியோ, அப்புவின் வேலி 1983க்கு முந்தியது. நான் எல்லாம் யோசித்துத்தான் சொன்னேன்.

அம்மா கேட்டா: "ஆமிக்காரன் 27 வருசம் இருந்தவன். அவனுக்கும் சொந்தம் எண்டு சொல்லுவியோ?"

எனக்குப் பதில் வரவில்லை.

அவ பக்கத்து வளவு மாமாவின் மகனைக் கூப்பிட்டு உறுதியில் உள்ள கோட்டிலேயே வேலி போடச் சொல்லிவிட்டா. அவர் மரங்களை வெட்ட வேண்டாம் என்று சொன்னாராம். ஒன்பது பூவரசும் இப்போது அவருடைய பக்கத்தில் நிற்கின்றன. புது வேலி முள்ளுக்கம்பி. அதை அடைக்க இரண்டு பேர் தேவையில்லை, ஆனாலும் இரண்டு பக்கத்திலும் ஆள் நின்றுதான் இழுத்துக் கட்டினார்களாம். மூலையில் ஒரு பொட்டும் விட்டிருக்கிறார்கள்.