சேலம் ஜில்லாவைப் படம் பிடித்தவர்

தீர்த்தமலை அடிவாரத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வட்டாரத்தின் பழைய முகம் எப்படி இருந்தது என்று தேடும்போதெல்லாம் லின்னேயஸ் ட்ரைப் என்ற பெயரில்தான் வந்து நிற்பேன். 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்கள். அந்த ஜில்லாவின் ராயக்கோட்டையையும் சுற்றுவட்டாரத்தையும் படமெடுத்து 1858-இல் தொகுப்பாகவே வெளியிட்டவர் ட்ரைப்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியான அவர் 1855-இல் பர்மா தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்தார். திரும்பி வந்ததும் சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரரானார். பெரிய காமிராவோடும் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களோடும் ஊர் ஊராகச் சுற்றினார். வெளுத்துப்போன வானத்தில் மேகங்களை நெகட்டிவ் மேலேயே தீட்டிச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். தமிழ் எழுத்துக்கு இப்படியொரு மரியாதையை அதற்குமுன் எந்தக் காமிராவும் செய்ததில்லை என்றே சொல்வேன்.

ஆனாலும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. அவர் படங்களில் கோட்டையும் கோபுரமும் மலையும் நிறைந்திருக்கின்றன, மனிதர்கள் அபூர்வம். ஆவணப்படுத்தச் சொன்னது அரசு, அதற்கு வேண்டியவை கட்டடங்கள். 1859-இல் கவர்னர் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

அவர் பதியாமல் விட்ட மனிதர்களை, எங்கள் தீர்த்தமலையின் ராமர் தீர்த்தத்தில் நனைந்தபடி நிற்கும் பாட்டிகளை, தென்பெண்ணைக் கரை உழவர்களைப் பதிய வேண்டியவர்கள் நாம்தான். வீட்டில் பழைய படம் இருந்தால், அதிலிருப்பவர் பெயரையும் ஊரையும் பின்பக்கம் இன்றே எழுதி வையுங்கள்.