ஞாயிறு ஓய்வின் பம்பாய் வரலாறு

வார ஓய்வு இந்தியத் தொழிலாளர்க்குத் தானாக வாய்த்ததன்று. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மாதம் நான்கு விடுமுறை நாள்களைச் சிறார் தொழிலாளர்க்கு மட்டுமே வழங்கியது. வயதுவந்தோரின் வேலைநேரத்திற்கு அதில் வரம்பே இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் விடியல் முதல் அந்தி வரை வேலை நீண்டது.

1884இல், ஜோதிராவ் ஃபுலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட அவர்களின் மனு ஞாயிறு விடுமுறையை மட்டும் கேட்கவில்லை. நண்பகலில் அரைமணி நேர இடைவேளை, அந்தியோடு வேலை முடிவு, காலந்தாழாத ஊதியம், விபத்துக்கு உதவித்தொகை ஆகியவற்றையும் கோரியது. ஆறு நாள் களைப்பை ஏழாம் நாள் மட்டும் ஆற்றிவிடாது என்பதை அவர்கள் உடலால் அறிந்திருந்தனர்.

1890 ஏப்ரலில் ஏறத்தாழப் பத்தாயிரம் தொழிலாளர் கூடினர். பெண்கள் இருவரும் உரையாற்றினர். அவ்வாண்டே ஆலை முதலாளிகள் வார விடுமுறைக்கு இசைந்தனர். 1891ஆம் ஆண்டின் சட்டம் வார விடுமுறையோடு நண்பகல் இடைவேளையையும் உறுதிசெய்தது.

இன்று ஓய்வின்மை தனிமனிதரின் நேர மேலாண்மைக் குறையாகவே பேசப்படுகிறது. ஞாயிறன்றும் பணிபுரியும் ஆய்வு மாணவர் தம்மையே நொந்துகொள்கிறார். லோகாண்டே காலத்துத் தொழிலாளர் தம்மை நொந்துகொள்ளவில்லை, வேலைநேரத்தைக் கேள்விக்குள்ளாக்கினர்.