திவாலாகும் உரிமை: கடனும் பதிவேடும் நம் மக்களும்



நிலம், கல்வி, கோயில் நுழைவு ஆகியவற்றின் வரலாற்றை நாம் ஓரளவு எழுதிவிட்டோம். கடனின் வரலாற்றை இன்னும் போதிய அளவு எழுதவில்லை. கடனைத் தீர்க்க முடியாதவனைச் சட்டம் எப்படி விடுவித்தது, யாரை விடுவித்தது, யாரை விடவில்லை என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஊரில் ஒருவர் நொடித்துப்போனால் ‘ஐ.பி. போட்டுட்டான்’, ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்கிறார்கள். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு. அந்தப் பேச்சில் ஏளனம் இருக்கும், ஏமாற்றிவிட்டான் என்ற குற்றச்சாட்டும் இருக்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது, மனிதத்தன்மை உள்ளது. கடனாளியிடம் இருப்பதை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடு. மீதியைத் தள்ளிவிடு. ஆளை விடுதலை செய். ஒரு மனிதன் சாகும்வரை கடனுக்குக் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பதே அதன் பொருள். இந்த விடுதலை நம் முன்னோருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

1. சட்டம் வந்த வழி

கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் கடனாளிகளுக்கான திவால் நீதிமன்றங்கள் 1828ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தன. 1848இல் அது விரிவாக்கப்பட்டது. இவை வணிகர்களையும் கம்பெனிகளையும் மனத்தில் வைத்துச் செய்தவை. மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் சில பிரிவுகளே கதி.

1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் இழந்தவர்களின் கோபத்திலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அந்த ஆண்டே மாவட்டங்களுக்குத் தனித் திவால் சட்டம் வந்தது. 1909இல் மாநகரங்களுக்குப் புதுச் சட்டம் வந்தது. 1920இல் மாவட்டச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. இந்த 1909, 1920 சட்டங்களின்படிதான் தனிமனிதர்களின் திவால் மனுக்கள் இன்றும் நடக்கின்றன.

2. வாசலின் அளவு

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பாருங்கள். கடனைத் தீர்க்க இயலாதவர் மூன்று நிலைகளில் ஒன்றில் இருந்தால்தான் மனுப் போடலாம். கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும். அல்லது பணத் தீர்ப்பு ஒன்றை நிறைவேற்றுவதற்காக அவர் கைதாகியிருக்க வேண்டும். அல்லது அவருடைய சொத்து ஜப்தி ஆகியிருக்க வேண்டும்.

1920இல் 500 ரூபாய் கடன் வாங்க வேண்டுமானால் அந்த அளவுக்கு நம்பிக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும். நிலம், நகை, கடை என்று ஏதாவது இருந்தால்தான் அந்த நம்பிக்கை வரும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மிராசுதாரிடம் சிறு தொகை வாங்கிய படியாள் இந்த முதல் வாசலில் நுழைய முடியாது. மற்ற இரண்டு வாசல்களும் மிராசுதார் நீதிமன்றத்துக்குப் போனால்தான் திறக்கும். அவர் ஏன் போகப்போகிறார்? அவருக்கு வேண்டியது பணம் அல்ல, ஆள். ஆள் ஏற்கெனவே அவருடைய களத்தில் நிற்கிறான்.

அந்தச் சட்டத்தில் கூலிக்காரர் வரும் இடம் ஒன்று உண்டு. 61ஆம் பிரிவு, திவாலானவரின் சொத்திலிருந்து யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேர வேண்டிய பாக்கியோடு, மனுவுக்கு முந்திய நான்கு மாதங்களில் வேலை செய்த குமாஸ்தா, வேலைக்காரர், கூலியாள் ஆகியோரின் சம்பளமும் முன்னுரிமை பெறும். ஆனால் 20 ரூபாய்க்கு மேல் அல்ல. கூலியாளைக் கடன் கொடுத்தவராகச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அவரைக் கடன்பட்டவராக, விடுதலை கேட்கும் உரிமை உள்ளவராக எண்ணிப் பார்க்கவில்லை.

3. அதே கடன், வேறு சட்டம்

சொத்துள்ளவன் கடனைத் தீர்க்காவிட்டால் அது உரிமையியல் விவகாரம். சிவில் சிறைக்குப் போனாலும் அவனுடைய சாப்பாட்டுப் படியை அவனைச் சிறைக்கு அனுப்பியவரே கட்ட வேண்டும். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்குப் போகாவிட்டால் கதை வேறு. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியது. பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலைக்குப் போ என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். இரண்டும் முடியாதவனுக்கு மூன்று மாதம்வரை கடின வேலையுடன் சிறை. முதலில் மாநகரங்களுக்கென்று வந்த சட்டம் பிறகு வெளியிடங்களுக்கும் பரவி, தோட்ட முதலாளிகளின் கையில் சாட்டையாயிற்று. அதை நீக்கும் சட்டம் 1925இல்தான் வந்தது. ஒரே நாட்டில், ஒரே ஆட்சியில், கடன்பட்ட ஒருவனுக்குத் திவால் மன்றம். இன்னொருவனுக்குக் கல்லுடைக்கும் சிறை.

கிராமத்தில் அந்தச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் சொன்ன பிறகு, பிடியின் பெயர் கடன் என்று மாறியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கை, பறையர் மக்கள் கடனால் மிராசுதார்களிடம் கட்டுண்டு கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசும் 1892ஆம் ஆண்டு ஆணைக்கு அந்த அறிக்கையே அடிப்படை.

தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பது ஊர் வழக்கம் என்றார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீதிமன்றங்கள் நடத்திய இந்துச் சட்டத்தில்கூட மகனின் பொறுப்பு குடும்பச் சொத்தில் அவனுக்குக் கிடைத்த அளவோடு நின்றது. மகனின் உடம்பு அதில் சேரவில்லை. சொத்தே இல்லாத படியாளின் மகனுக்குச் சட்டப்படி ஒரு காசு கடனும் இல்லை. இதை அவனுக்குச் சொல்லத்தான் ஊரில் யாரும் இல்லை.

1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அதில் விவசாயி என்பவர் யார்? விற்கத்தக்க உரிமை நிலத்தின் மேல் உள்ளவர். ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் நிலத்தில் அப்படி ஓர் உரிமை இல்லாததால் விவசாயி ஆகவில்லை.

4. பதிவுகளைத் தேடும் வழி

வட்டார வரலாறு எழுதும் இளைஞர்கள் திவால் பதிவுகளைத் தேடிப் போக வேண்டும். ஒருவரைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் அவருடைய பெயர், முகவரி, அறிவித்த நாள், நீதிமன்றம் ஆகியவற்றை அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது 30ஆம் பிரிவு. ஆகவே செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழின் பழைய தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவை உண்டு. அங்கே பெயரையும் நீதிமன்றத்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ போய் ஐ.பி. எண்ணைச் சொல்லி நகல் மனுப் போடுங்கள். சென்னை நகர வழக்குகள் உயர் நீதிமன்றத்தில், அஃபிஷியல் அசைனி அலுவலகத்தின் பொறுப்பில் வரும்.

மனுவில் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொகை, மனுதாரரின் சொத்து விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஓர் ஊரின் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு இதைவிட நல்ல சான்று குறைவு. பண்ணையார் திவாலானால், அவருக்கு வர வேண்டிய பாக்கிகளில் படியாட்களுக்குக் கொடுத்த முன்பணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூலிப் பாக்கி கேட்டு வந்தவர்கள் யார் என்றும் பாருங்கள். நம் சேரியின் பெயர் எங்குமே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அந்த இன்மையும் ஒரு சான்றுதான்.

5. நமக்கென்று வந்த சட்டம்

1975 அக்டோபர் 25 முதல் கொத்தடிமை முறை ஒழிந்ததாக 1976ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம் அறிவித்தது. அது பட்டியலிடும் பெயர்களில் படியாள் உண்டு, வெட்டி உண்டு. பிறந்த சாதியின் காரணமாகவோ முன்னோரிடமிருந்து வந்த பொறுப்பின் காரணமாகவோ உழைக்க வைப்பதும் கொத்தடிமைதான் என்று அது எழுதியது. உரிமை பேசும் நூலில் அல்ல, நாடாளுமன்றச் சட்டத்தில் இந்த வாக்கியம் இருக்கிறது.

திவால் சட்டத்தோடு இதை ஒப்பிடுங்கள். திவாலானவர் தம் சொத்தை ஒப்படைக்க வேண்டும். இங்கே அடகு வைத்த சொத்து தொழிலாளிக்குத் திரும்பி வர வேண்டும். அங்கே தம் இயலாமையைக் கடனாளி மெய்ப்பிக்க வேண்டும். இங்கே இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று கொடுத்தவர் மெய்ப்பிக்க வேண்டும். ஒழிந்த கடனை வசூலித்தால் மூன்று ஆண்டுவரை சிறை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கல்குவாரியிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்கள் திவால் மனுப் போட வேண்டியதில்லை. அவர்கள் கேட்க வேண்டியது விடுதலைச் சான்று. அதன் நகல் ஒவ்வொரு வீட்டிலும் நிலப்பட்டாவைப் போலப் பத்திரமாக இருக்க வேண்டும். நாளைய வரலாற்றாசிரியருக்கும் அதுவே ஆவணம்.

குழுக் கடனிலும் கந்துவட்டியிலும் சிக்கியவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் திவால் மனு உண்டு. ஆனால் திவாலானவர் என்ற அறிவிப்போடு வேலை முடிவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கேட்டு மறுபடி மனுப் போட வேண்டும். தவறினால் அறிவிப்பே ரத்தாகும். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் மிக ஏழைகளுக்கென்று புதுத் தொடக்கம் என ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. சொந்த வீடில்லாமல், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாதவர்களுக்கு அது. அந்தப் பிரிவுகளை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. பெரிய கம்பெனிகளின் கடனைத் தீர்க்கும் பிரிவுகளோ சட்டம் வந்த ஆண்டே ஓடத் தொடங்கிவிட்டன. 1828இல் தொடங்கிய வரிசை இன்றும் மாறவில்லை.

தோழர்களே, கடன்பட்டவன் வெட்கப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொத்துள்ளவர்கள் நொடித்துப்போனபோது அந்த வெட்கத்தைச் சட்டத்தால் துடைத்துக்கொண்டார்கள். அதில் தவறில்லை. அந்த உரிமை நமக்கும் வேண்டும் என்பதே நம் வாதம். அந்த 60,000 ரூபாய்ப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி இந்த அரங்கிலிருந்து ஒரு தீர்மானம் போகட்டும்.

ஜெய் பீம்.