மனைக்குக் கொட்டும் மண்ணில் கதிரியக்கமா? மண்ணுக்கு மண் அளவு மாறுவது ஏன்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பள்ளமான மனையை உயர்த்த லாரி லாரியாக மண் கொட்டுவது வழக்கம். அந்த மண்ணில் கதிரியக்கம் இருக்குன்னு யாராவது சொன்னால் பதற்றம் வரலாம். ஆனால், கதிரியக்கமே இல்லாத மண் கிடையாது. அளவுதான் மாறும்.

எங்கிருந்து வருது?

யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை பூமி உருவானபோதே பாறைகளில் இருந்தவை. பாறை சிதைந்து மண்ணாகும்போது கூடவே வருகின்றன. உலக அளவில் ஒரு கிலோ மண்ணில் யுரேனியம் சுமார் 35, தோரியம் 30, பொட்டாசியம்-40 சுமார் 400 பெக்கரல் என்கிறது ஐ.நா. அறிவியல் குழுவின் 2000-ம் ஆண்டு அறிக்கை. ஒரு விநாடிக்கு ஒரு அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.

களிமண்ணா, மணலா?

ஆற்று மணலில் குவார்ட்ஸ் அதிகம் என்பதால் பொதுவாக அளவு குறைவு. ஏரியை ஒட்டிய களிமண்ணின் நுண்ணிய துகள்கள், நீரில் கரைந்து வரும் யுரேனியத்தைப் பிடித்து வைக்கும். இரும்புச்சத்தும் மக்கிய பொருளும் அதையே செய்யும். தோரியம் எளிதில் கரையாது, தாது இருக்கும் இடத்திலேயே தங்கிவிடும்.

அப்போ மணல்னா கவலையே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் தாது கலந்திருக்கிறது. 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் இதைக் கண்டறிந்தார். இதே தாது உள்ள கேரளாவின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2009-ல் வெளியான ஆய்வில், இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

யுரேனியத் தொடரில் பிறக்கும் ரேடான் வாயுவைத்தான். இடைவெளி அதிகமுள்ள காய்ந்த மண்ணில் அது சுலபமாக மேலே வரும், ஈரக் களிமண்ணில் மெதுவாகத்தான் நகரும். தரை விரிசலை அடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தாலே வீட்டுக்குள் ரேடான் சேர்வது குறையும்.

நிறத்தைப் பார்த்துக் கதிரியக்கத்தைச் சொல்ல முடியாது, காமா நிறமாலைமானிப் பரிசோதனை வேண்டும். மண் எங்கே தோண்டியது, நிலக்கரிச் சாம்பல் கலந்ததா என்று லாரிக்காரரிடம் கேட்பது நல்லது. நிலக்கரி எரிந்தபின் அதிலுள்ள யுரேனியமும் தோரியமும் சாம்பலில் செறிந்துவிடும்.